சாம்பல் கிண்ணத்தின் இடத்தில் யூஎஸ்பி-சி: 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் துளையிடாமல் செய்த சார்ஜிங் வசதி

டேஷ்போர்டிலும் நடுக் கன்சோலிலும் புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது, தொழிற்சாலையில் கட்டப்பட்ட வயர் எதையும் வெட்டக் கூடாது, சேர்த்தவை அனைத்தையும் அரை மணி நேரத்தில் கழற்றிக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை எழுதி வைத்துக்கொண்ட பிறகே இந்த வேலையைத் தொடங்கினேன். என் கார் 1991இல் தயாரான, 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இந்த மாடல் 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்டது. யூஎஸ்பியின் முதல் வரையறை வெளிவந்ததோ 1996 ஜனவரியில்தான். ஆகவே இந்தக் காரை வடிவமைத்தவர்கள் மின்சாரம் எடுக்க விட்டுச்சென்ற ஒரே வாசல், நடுக் கன்சோலில் இருக்கும் சிகரெட் லைட்டர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெயில் பார்த்த அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு முறை துரப்பணம் இறங்கிவிட்டால் அதை மீட்க வழியில்லை என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

லைட்டர் துளையிலேயே ஒரு சிறிய சார்ஜரைச் செருகிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நானும் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். அந்தத் துளை மின்கருவிகளுக்காக உருவானதன்று. சூடேறும் சுருளைச் சில நொடிகள் பிடித்து வைத்திருந்து, சூடானதும் வெளியே தள்ளுவதற்காக உருவானது. செருகிய சார்ஜரை உள்ளே பிடித்து வைப்பது பக்கவாட்டு வில்தகடுகளின் அழுத்தம் மட்டுமே. சஸ்பென்ஷன் இறுக்கமான ஒரு சிறிய காரில், கரடுமுரடான சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால், நுனித் தொடர்பு விட்டுவிட்டுப் பட ஆரம்பிக்கும். கைபேசி ஒவ்வொரு முறையும் சார்ஜ் தொடங்கும் ஒலியை எழுப்பும். தளர்ந்த தொடர்பில் மின்தடை கூடுவதால் அந்த இடம் சூடாகும். இவற்றுக்கு மேல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சார்ஜரும் அதன் கேபிளும் கியர் மாற்றும் கைக்கு இடைஞ்சலாக இருந்தன. இந்தக் காரின் கியர் மாற்றம் மணிக்கட்டு அசைவிலேயே முடிந்துவிடும் அளவுக்குக் குறுகியது. அந்த இன்பத்தைக் கெடுக்கும் எதையும் அங்கே விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

முதல் முயற்சி தோற்றது. எங்கே தவறினேன் என்பது பிறருக்குப் பயன்படும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு மலிவான மாட்யூலை வாங்கி, அதில் ஒரு யூஎஸ்பி-ஏ வாயை இணைத்து, லைட்டருக்கு வரும் மின்சாரத்தைக் கொடுத்தேன். மாட்யூலின் மேல் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. வழிகாட்டி வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டியபோது, கைபேசியின் சார்ஜ் ஏறுவதற்குப் பதிலாக ஏழு சதவீதம் குறைந்திருந்தது. யூஎஸ்பி அளவுமானியை இடையில் வைத்துப் பார்த்ததில் கைபேசி இழுத்தது 0.5 ஆம்பியருக்கும் குறைவு என்று தெரிந்தது. மாட்யூல் கொடுக்கத் தயாராக இருந்தும் கைபேசி கேட்கவில்லை.

காரணம் யூஎஸ்பியின் நான்கு கம்பிகளில் நடுவே இருக்கும் இரண்டு தரவுக் கம்பிகள். எதிர்முனையில் இருப்பது கணினியா, சார்ஜரா என்பதைக் கைபேசி அந்தக் கம்பிகளைப் பார்த்தே முடிவு செய்கிறது. இரண்டும் எதனுடனும் இணைக்கப்படாமல் இருந்தால், பாதுகாப்பான குறைந்த அளவான 0.5 ஆம்பியரோடு நின்றுவிடுவது வழக்கம். அது 5 வோல்ட்டில் 2.5 வாட் மட்டுமே. திரை, ஜிபிஎஸ், கைபேசி வலையமைப்பு ஆகிய மூன்றும் ஒருசேர இயங்கும்போது அந்த 2.5 வாட் செலவுக்கே போதாது. பேட்டரி சார்ஜிங் 1.2 என்ற வரையறையின்படி அந்த இரண்டு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், இது சார்ஜர்தான் என்று புரிந்துகொண்டு கைபேசி 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம். அப்படியே இணைத்துப் பார்த்தேன், மின்னோட்டம் 1.4 ஆம்பியராக உயர்ந்தது. ஆனால் அதே நொடியில் வானொலியில் வேறொரு தொல்லை தொடங்கியது.

காரில் இருப்பது அதன் காலத்து வானொலிப் பெட்டி; அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. ஏஎம் அலைவரிசையில் எந்த நிலையத்தை வைத்தாலும் பின்னணியில் ஓர் இரைச்சல் கேட்டது. சார்ஜரைத் துண்டித்தால் அது மறைந்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் இந்த வகை மாட்யூல், உள்வரும் மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடியே தன் வேலையைச் செய்கிறது. அந்த வேகம் 300 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் மடங்குகளான 600, 900, 1200, 1500 ஆகிய அனைத்தும் சுமார் 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரை நீளும் ஏஎம் பட்டைக்குள்ளேயே விழும். கார்களுக்கென்று வடிவமைக்கப்படும் மின்னழுத்த மாற்றிகளில் பல 2.1 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதற்குக் காரணமும் இதுவே: அடிப்படை அலையே ஏஎம் பட்டைக்கு மேலே இருந்துவிடுகிறது, மடங்குகள் அதற்கும் மேலே போய்விடுகின்றன. இது தெரிந்த பிறகு, மாட்யூலைத் தேர்ந்தெடுக்கும்போது ஆம்பியர் எண்ணைப் பார்ப்பதற்கு முன் இயங்கும் அதிர்வெண்ணையும் உலோக உறை உண்டா என்பதையும் பார்க்கத் தொடங்கினேன்.

இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்தது, ஒரு யூஎஸ்பி-சி வாயும் ஒரு யூஎஸ்பி-ஏ வாயும் கொண்ட, மொத்தம் 45 வாட் தரும், பவர் டெலிவரி வரையறையை ஏற்கும் ஒரு வாகன மாட்யூல். பவர் டெலிவரியில் கைபேசியும் சார்ஜரும் டைப்-சி இணைப்பியில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு கம்பி வழியாகப் பேசிக்கொண்டு, 5, 9, 15, 20 வோல்ட் ஆகிய படிகளில் எது வேண்டும் என்று உடன்பாடு செய்துகொள்கின்றன. 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தாலே 18 வாட் கிடைத்துவிடும். கேபிளில் ஓடும் மின்னோட்டம் குறைவதால் கேபிளில் வீணாகும் மின்னழுத்தமும் குறையும். 100 வாட் தரும் மாட்யூல்களும் கிடைத்தன. நான் வேண்டுமென்றே ஒதுக்கினேன். அவ்வளவையும் ஒரு மடிக்கணினி உண்மையிலேயே எடுத்தால், 12 வோல்ட் பக்கத்தில் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். லைட்டரின் சூடேறும் சுருளும் ஏறத்தாழ அந்த அளவு எடுக்கக் கூடியதுதான், ஆனால் சில நொடிகளுக்கு மட்டுமே. முப்பது வயதான சாவிச் சுவிட்சின் தொடர்புகள் வழியே மணிக்கணக்கில் அதை ஓடவிடுவது சரியாகப் படவில்லை. 45 வாட்டுக்கு, மாற்றியின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால், உள்ளே போவது 50 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 4.2 ஆம்பியர். என் கணக்கில் இதுவே எல்லை.

காரின் மின்னழுத்தம் எஞ்சின் நிற்கும்போது 12.5 வோல்ட்டும், ஓடும்போது 14 வோல்ட்டுக்குச் சற்று மேலும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது இடையில் வரும் மேடுபள்ளங்கள். ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் ஓரிரு நொடிகள் மிகக் கீழே இறங்கும். மாறாக, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் வேளையில் பேட்டரியின் இணைப்பு விட்டுப்போனால், மின்னழுத்தத்தில் பெரிய அலை எழும். வாகன மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை, அடக்கப்படாத அத்தகைய அலைக்கான சோதனையை 12 வோல்ட் வாகனங்களுக்கு 79 முதல் 101 வோல்ட் வரையும் 40 முதல் 400 மில்லிநொடி வரையும் வைத்திருக்கிறது. என் மாட்யூலின் உள்வாயிலில் மின்னழுத்த எழுச்சியை அடக்கும் 24 வோல்ட் டிவிஎஸ் டையோடு ஒன்றைக் குறுக்கே வைத்தேன். சுவிட்சுகளும் மோட்டார்களும் எழுப்பும் குறுகிய கூர்முனைகளை அது விழுங்கிவிடும். பேட்டரி இணைப்பு விட்டுப்போவதால் எழும் நீண்ட அலைக்கு அந்தச் சிறிய டையோடு முழுப் பாதுகாப்பு ஆகாது. அதற்கான உண்மையான பாதுகாப்பு பேட்டரி முனைகளைச் சுத்தமாகவும் இறுக்கமாகவும் வைத்திருப்பது. ஆகவே இந்த வேலையின் முதல் கருவி கம்பித்தூரிகையாக அமைந்தது: இந்தக் காரில் பேட்டரி பின்பெட்டியில் இருக்கிறது, அங்கே போய் இரண்டு முனைகளையும் துலக்கி இறுக்கினேன்.

கழற்றும் வேலைக்கு முன் பேட்டரியின் எதிர்முனையை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தேன். காற்றுப்பை உள்ள கார்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. மஞ்சள் உறையுள்ள வயர் எது கண்ணில் பட்டாலும் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பிறகு கியர் குமிழைத் திருகிக் கழற்றினேன். கன்சோலின் திருகுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதிய தனித்தனி உறையில் போட்டேன். என் காரில் மின்சாரக் கண்ணாடிகளின் பொத்தான்கள் கன்சோலிலேயே இருப்பதால், அதைத் தூக்கியதும் இழுத்துவிடாமல், அடியில் கைவிட்டு அவற்றின் இணைப்பியை முதலில் பிரிக்க வேண்டும். குளிர்ந்த பிளாஸ்டிக் எளிதில் முறியும். வேலை தொடங்கும் முன் காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தியிருந்தேன். ஒரு கிளிப்கூட உடையாமல் வந்ததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

வாய்களை எங்கே வைப்பது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். புகைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சாம்பல் கிண்ணம் முப்பது ஆண்டுகளாக நாணயங்களை மட்டுமே சுமந்திருக்கிறது. அந்தக் கிண்ணம் கையாலேயே தூக்கி எடுக்கக் கூடியது. மேலே மூடியும் உண்டு. கிண்ணத்தின் வடிவத்திலேயே ஓர் உலோகப் பெட்டியைச் செய்து அதே இடத்தில் இறக்கிவிட்டால், மூடியை மூடியதும் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே தோன்றும். லைட்டரும் தன் இடத்திலேயே இருக்கும்.

முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். ஐந்தாவது அட்டைதான் சரியாக அமர்ந்தது. கிண்ணத்தின் சுவர்கள் மேலே அகன்று கீழே குறுகுவதால் செவ்வகமாக வெட்டியவை எல்லாம் பாதியில் சிக்கின. அட்டை சரியானதும் அதை 2 மி.மீ. அலுமினியத் தகட்டின் மேல் வைத்து வரைந்து, வெட்டி, மடித்தேன். பிளாஸ்டிக்கில் செய்வது எளிதாக இருந்திருக்கும். ஆனால் முழுச் சுமையில் மாட்யூல் ஏறக்குறைய 5 வாட் வெப்பத்தை வெளியிடும், மூடிய ஒரு சிறு குழிக்குள் அந்த வெப்பம் வெளியேற இடம் வேண்டும். கியர்பெட்டியின் மேல் உள்ள தரைப்பகுதியும் நீண்ட பயணத்தில் தானாகவே சூடாகும் என்பதால், வெப்பத்தைக் கீழே அனுப்புவதைவிட மேலே உள்ள அலுமினிய முகப்புக்கு அனுப்புவதே பொருத்தம். மாட்யூலின் உலோக உறைக்கும் தகட்டுக்கும் இடையே வெப்பம் கடத்தும், மின்சாரம் கடத்தாத மெத்தைத் துண்டை வைத்தேன்.

டைப்-சி வாய்க்கான திறப்பு ஏறத்தாழ 9 மி.மீ. அகலமும் 3 மி.மீ. உயரமும் கொண்டது. இரண்டு சிறு துளைகள் போட்டு, இடைப்பகுதியை ஊசி அரத்தால் மெதுவாகத் தேய்த்து வட்டமுனைகளோடு கொண்டுவந்தேன். இந்த ஒரு திறப்புக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் ஆனது, அதில் எனக்கு வருத்தமில்லை. முகப்பு வானத்தைப் பார்த்தபடி இருந்தால் தூசியும், கூரை திறந்த காரில் எப்போதாவது விழும் மழைத்துளியும் நேராக உள்ளே போகும். எனவே ஏறக்குறைய செங்குத்தாக, சற்றே பின்சாய்வாக மடித்தேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேபிளைச் செருகும்போது கை கொடுக்கும் அழுத்தத்தை மாட்யூலின் சால்டர் இணைப்புகள் தாங்கக் கூடாது. மாட்யூலின் பின்புறம் ஒரு சிறு அலுமினியக் கட்டையைத் திருகி முட்டுக்கொடுத்தேன். இப்போது செருகும் அழுத்தம் பெட்டியின் சுவருக்குப் போகிறது.

வயரிங்கில், பழைய வயரின் மேல் கவ்வி உறையைக் கிழித்துத் தொடர்பு எடுக்கும் வகை இணைப்பிகளை நான் தொடுவதில்லை. அவை வயரின் இழைகளில் சிலவற்றை அறுத்துவிடும், ஈரமும் அதன் வழியே நுழையும். லைட்டரின் பின்னால் வந்து செருகும் தொழிற்சாலை முனைகளை அளந்து, அதே அளவு ஆண், பெண் முனைகளைக் கொண்டு ஒரு சிறு கிளை வயரைச் செய்தேன்: தொழிற்சாலை முனை கிளையில் செருகும், கிளையின் ஒரு கை லைட்டருக்கும் மறு கை மாட்யூலுக்கும் போகும். கழற்ற வேண்டுமானால் கிளையை உருவிவிட்டுப் பழைய முனையை லைட்டரில் செருகினால் முடிந்தது. கிளையின் நேர்முனைக் கையில், தொடக்கத்திலிருந்து 10 செ.மீ. தூரத்துக்குள் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்தேன். ஃபியூஸ் காப்பது வயரை. அது மாட்யூலின் பக்கத்தில் இருந்தால் இடையில் உள்ள வயருக்குக் காவல் இல்லை. 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருக்கலாம், ஆனால் 4.2 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால் அது தன் எல்லைக்கு மிக அருகிலேயே சூடாக வாழ வேண்டியிருக்கும்.

வயர் 1 சதுர மி.மீ. செம்பு, மீட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லிஓம் மின்தடை. போகவும் வரவும் சேர்த்து 1.2 மீட்டர் என்றால், முழுச் சுமையில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே இழப்பு. முனைகளைச் சால்டர் வைக்காமல் கிரிம்ப் செய்தேன், அதாவது வயரின் மேல் நசுக்கிப் பிடிக்கவைத்தேன். சால்டர் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்குவதால், அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் வயர் ஒடியும். ஒவ்வொரு முனையையும் கையால் வலுவாக இழுத்துப் பார்த்தேன். எட்டில் ஒன்று கழன்று வந்தது. அதை வெட்டிவிட்டு மீண்டும் செய்தேன். உள்வரும் இரண்டு வயர்களையும் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, எல்லாவற்றையும் துணி நாடாவால் சுற்றி முடித்தேன். துணி நாடா கன்சோலின் அடியில் உரசினாலும் ஒலி எழுப்பாது.

கன்சோலைப் பூட்டும் முன் சோதனை. சாவி எடுத்த நிலையில் மாட்யூலுக்குப் போகும் மின்னோட்டம் சுழியம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரில் இணைத்து, மாட்யூல் சும்மா இருக்கும்போது 15 மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், முப்பது நாளில் அது 10.8 ஆம்பியர் மணி ஆகிவிடும். இந்தக் காருக்கான பேட்டரி சிறியது. என்னுடையது 30 ஆம்பியர் மணி. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் ஒரு காரில் மூன்றில் ஒரு பங்கை அப்படி இழக்க முடியாது.

எஞ்சின் ஓடும்போது, முகப்பு விளக்குகளையும் காற்றூதியையும் போட்டுவிட்டு, யூஎஸ்பி-சி வாயில் 45 வாட் சுமையை வைத்தேன். பேட்டரி முனையில் 13.9 வோல்ட், மாட்யூலின் வாயிலில் 13.3 வோல்ட். அந்த 0.6 வோல்ட் இழப்பில் பெரும்பகுதி தொழிற்சாலை வயரிலும் சாவிச் சுவிட்சிலும் நடப்பது; ஏற்றுக்கொள்ளத்தக்கது. அரை மணி நேரம் கழித்து முகப்பின் வெப்பம் மூடி திறந்த நிலையில் 51 பாகை, மூடிய நிலையில் 63 பாகை செல்சியஸ். மூடியைத் திறந்து வைத்தே மடிக்கணினியைச் சார்ஜ் செய்ய வேண்டும் என்று இதனால் முடிவு செய்தேன். கைபேசிக்கு அந்தக் கவலை இல்லை.

ஏஎம் வானொலி அமைதியாக இருந்தது. பண்பலையிலும் மாற்றமில்லை. ஆனால் கைபேசியைச் சார்ஜில் வைத்தபடியே அதன் ஒலியை ஆடியோ கம்பி வழியாக வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தபோது, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு மெல்லிய சீழ்க்கை கேட்டது. ஆல்டர்னேட்டரின் சிற்றலை, இரண்டு வேறு இடங்களில் தரையிணைப்பு (காரின் உலோக உடலோடான எதிர்முனை இணைப்பு) பெற்ற கருவிகளுக்கு இடையே ஆடியோ கம்பியின் உறை வழியாக ஓடுவதன் ஒலி அது. மாட்யூலின் தரையிணைப்பை லைட்டரின் தரை வயரிலிருந்து பிரித்து, வானொலிப் பெட்டி தரையிணைப்புப் பெறும் அதே திருகுக்குக் கொண்டுபோனேன். சீழ்க்கை முழுவதும் மறையவில்லை, ஆனால் எஞ்சின் ஓடும்போது காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்தது. இந்த ஒரு வயர் மட்டும் என் கிளை வயரைவிட்டு விலகிப் போகிறது. அதற்கும் துளை தேவைப்படவில்லை.

மாட்யூலில் கண்ணைக் கூசும் நீல விளக்கு ஒன்று இருந்தது. இரவில் கூரையைத் திறந்து ஓட்டும்போது இந்தக் காரின் மானிகள் தரும் வெளிச்சம் மிக மெல்லியது, அதன் நடுவே அந்த நீலத்தைத் தாங்க முடியவில்லை. கறுப்புப் பாலிஇமைடு நாடாவால் உட்புறமாக மூடிவிட்டேன்.

நான்கு மாதம் ஓட்டிய பிறகு கன்சோலை மீண்டும் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். கிரிம்ப் முனைகளில் நிறமாற்றம் இல்லை, ஃபியூஸ் தாங்கி இறுக்கமாக இருந்தது. ஃபெரைட் வளையத்தைக் கட்டியிருந்த பட்டை மட்டும் தளர்ந்து, வளையம் கன்சோலின் அடிச்சுவரைத் தட்டிய தடம் தெரிந்தது. அதைச் சுற்றி இன்னொரு அடுக்குத் துணி நாடா சுற்றி, இரண்டு பட்டைகளால் கட்டினேன். பழைய சாம்பல் கிண்ணத்தைக் கழுவி உலர்த்தி, கிளை வயரின் வரைபடத்தோடு ஒரு பையில் போட்டு, மேலே இடமும் தேதியும் எழுதிப் பின்பெட்டியில் மாற்றுச் சக்கரத்துக்கு அருகே வைத்திருக்கிறேன்.